பிராங்குகளின் அரசியும் பொறாமைக்கார ஆயரும்: அஜக்ஸிலிருந்து ஒரு சனிக்கிழமைப் பயணம்

ஏப்ரல் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை அஜக்ஸிலிருந்து ரொறன்ரோ நகர மையத்துக்குப் போய் வந்தேன். போகவர ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீற்றர். இதையெல்லாம் பயணம் என்று எழுதலாமா என்று கேட்பீர்கள். எட்டு ஆண்டுகளாக இந்த வலைப்பதிவில் ரொபர்மோரி, அல்கோன்குவின், ஆயிரம் தீவுகள் என்று எழுதி வருபவன் நான். ரயிலேறி மியூசியத்துக்குப் போன கதையை எழுதுவேன் என்று நானும் நினைத்திருக்கவில்லை.

உண்மையில் நான் மியூசியம் பார்க்கப் போகவில்லை. என் மனைவி ஜசிந்தா அன்று காலை ஒருவருடைய காரில் அங்கே போயிருந்தாள். அந்த ஒருவரை எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது.

தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு ஜசிந்தாவைத் தெரிந்திருக்கும். பழைய பதிவுகளில் உள்ள படங்களில் பாதிக்கு மேல் அவள் எடுத்தவை. ஊர் மன்னார். கத்தோலிக்கக் குடும்பம். அஜக்ஸில் ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பு மேசையில் வேலை. நான் யாழ்ப்பாணத்துச் சைவக்காரன், லிஃப்ற் திருத்துகிற வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பூசைக்குப் போவாள், நான் தேவாலயத்துக்கு வெளியே காருக்குள் இருந்து அடுத்த பயணத்துக்கு இடம் தேடுவேன். இருபத்திரண்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் இந்த ஏற்பாடு எங்களுக்குள் ஒரு சண்டையையும் கொண்டுவந்ததில்லை.

போன செப்ரெம்பரில் அவள் பல்கலைக்கழகத்தில் ஒரு சனிக்கிழமை வகுப்பில் சேர்ந்தாள். வேலை செய்கிறவர்களுக்கென்று நடத்துகிற வகுப்பு. ரோமப் பேரரசு மேற்கே உடைந்த பிறகு ஐரோப்பாவில் என்னென்ன மக்கள் வந்து குடியேறினார்கள், அவர்களை யார் ஆண்டார்கள், திருச்சபை அந்த அரசர்களோடு எப்படி ஒத்துப்போனது என்பதுதான் பாடம். "போம், நல்லது" என்றேன். குளிர் தொடங்க நிறுத்திவிடுவாள் என்று மனதுக்குள் கணக்குப் போட்டிருந்தேன்.

அவள் நிறுத்தவில்லை. இரவுச் சாப்பாட்டு மேசைக்குக் கோத்துகள் வந்தார்கள், பிறகு பிராங்குகள் வந்தார்கள். குளோவிஸ் என்ற அரசன் ஞானஸ்நானம் பெற்ற கதை வந்தது. ஒவ்வொரு கதைக்கும் பின்னால் "ஜெறோம் சொன்னவர்" என்று ஒரு வால் இருந்தது. ஜெறோம் யாழ்ப்பாணத்துத் தீவுப் பக்கத்து ஆள், ஒஷாவாவில் பள்ளிக்கூட ஆசிரியர், ஒரு காலத்தில் பாதிரியாராகப் படிக்கக் குருமடத்தில் இருந்தவர், லத்தீன் தெரியும். 401 நெடுஞ்சாலை வழியாக வகுப்புக்குப் போகும்போது அஜக்ஸில் ஜசிந்தாவையும் ஏற்றிக்கொண்டு போவார். கறுப்புக் கார். எங்கள் வாசலில் சத்தமே இல்லாமல் வந்து நிற்கும். அதன் சத்தமின்மைகூட எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த ஏழெட்டு மாதத்தில் நாங்கள் சேர்ந்து ஒரு பயணமும் போகவில்லை. இலையுதிர் காலத்து நிறம் பார்க்க நான் தனியாகத்தான் போனேன். படங்கள் மங்கலாக இருப்பதாக வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். சரியாகத்தான் எழுதியிருந்தார்.

கடைசி வகுப்பை மியூசியத்தில் வைத்தார்கள். மாணவர்கள் ஆளுக்கொரு தலைப்பில் சிறிது நேரம் பேசுவார்கள், குடும்பத்தவரும் வரலாம் என்றாள். "உங்களுக்கு அலுப்பா இருக்கும், வரவேணும் எண்டில்லை" என்றும் சொன்னாள். அந்தக் கடைசி வசனத்தை மூன்று நாள் திருப்பித் திருப்பி யோசித்துவிட்டு வருவதாகச் சொன்னேன். அவள் நேரத்தோடு போக வேண்டியிருந்ததால் ஜெறோமின் காரில் போனாள். நான் ரயிலில்.

அஜக்ஸ் ரயில் நிலையத்தில் வாகனம் நிறுத்தக் காசில்லை. சனிக்கிழமையென்றால் இடமும் தாராளமாகக் கிடைக்கும். ஏப்ரல் முடிகிற நேரமாகியும் நிறுத்துமிடத்தின் மூலையில் கறுத்துப்போன பனிக்குவியல் ஒன்று கரையாமல் கிடந்தது. ஒன்பது மணிக்குக் கொஞ்சம் பிந்திய ரயிலைப் பிடித்தேன். யூனியன் நிலையத்துக்கு ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு. போகும்போது இடதுபக்கம், மேல்தட்டில் இருங்கள். ரூஜ் ஹில் பக்கம் ரயில் ஏரிக் கரையை ஒட்டியே ஓடும். அன்று ஏரி சாம்பல் நிறமாக, கரையெல்லாம் காற்றோடு கிடந்தது. வேறொரு நாளென்றால் நாலு வசனம் எழுதியிருப்பேன். அன்று என் தலைக்குள் அந்தக் கறுப்புக் கார் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது டொன் பள்ளத்தாக்குப் பாலத்தைக் கடந்திருப்பார்கள், இப்போது எதற்கோ சிரித்திருப்பார்கள்.

யூனியனில் இறங்கிச் சுரங்க ரயில் எடுத்தால் மியூசியம் நிலையத்துக்கு ஆறு ஏழு நிமிடம். தட்டுகிற கட்டண அட்டை வைத்திருந்தால் மாறி ஏறுவதற்குத் தனிக் கட்டணம் இல்லை. நிலையத்தின் தூண்களையே எகிப்தியச் சிலைகள் போலச் செய்து வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளோடு போகிறவர்கள் அங்கேயே கால் மணித்தியாலம் செலவழிப்பீர்கள், அதையும் கணக்கில் சேருங்கள். மியூசியத்துக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. நான் வகுப்போடு வந்தவன் என்பதால் கட்டவில்லை. நீங்கள் போக முதல் இணையத்தில் பாருங்கள், கட்டணம் நாளுக்கு நாள் மாறுகிறது.

வரவேற்பில் ஒரு தமிழ்ப் பிள்ளை நின்றாள். பெயரைச் சொன்னவுடன் முகத்தைப் பார்த்தாள்.

"ஆர் யூ வித் த குரூப், அங்கிள்? அவை மூண்டாம் மாடியில, யூரப் கலரியில இருக்கினம். லிஃப்ற் ரைற் சைட்ல."

லிஃப்ற் கொஞ்சம் குலுங்கித்தான் ஏறியது. லிஃப்ற் திருத்துகிறவனுக்கு மட்டும் தெரிகிற அளவு குலுக்கம்.

ஐரோப்பியப் பகுதியின் ஒரு மூலையில் பன்னிரண்டு பதின்மூன்று பேர் மடக்குக் கதிரைகளில் இருந்தார்கள். பேராசிரியை, வெள்ளைக்காரப் பெண்மணி, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு ஓரமாக நின்றார். பக்கத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் இடுப்புப்பட்டிக் கொளுவிகளும் உடுப்பில் குத்துகிற ஊசிப்பதக்கங்களும் இருந்தன. சிவப்புக் கல் பதித்த ஒன்று என் பெருவிரல் நகமளவுதான். ஆயிரத்து முந்நூறு, நானூறு வருடம் மண்ணுக்குள் கிடந்து வந்தவை.

ஜெறோமை உடனே கண்டுபிடித்துவிட்டேன். நான் மனதில் வரைந்து வைத்திருந்த ஆள் உயரம், மெலிவு, நரைத்த தாடி. இவர் குள்ளம், கொஞ்சம் தொந்தி, நீலக் கம்பளிச் சட்டையின் முழங்கை தேய்ந்திருந்தது. அப்பாடா என்றிருந்தது. பிறகு ஜசிந்தா பேச எழுந்தபோது அவர் தன் தண்ணீர்ப் போத்தலை எடுத்து அவளிடம் நீட்டினார். அவள் திரும்பிப் பாராமலே வாங்கிக் குடித்தாள். அப்பாடா போய்விட்டது.

அவள் ஆங்கிலத்தில் பேசினாள். என் தமிழில் சொல்கிறேன். தலைப்பு ராதகுந்தா. வீட்டில் முதலில் இந்தப் பெயரைக் கேட்டபோது குந்தவை போல ஏதோ சோழ இளவரசி என்று நினைத்திருந்தேன். அவள் ஜேர்மனிப் பக்கத்தில் இருந்த துரிங்கியா என்ற நாட்டு இளவரசி. ஆறாம் நூற்றாண்டு. ரோமர்கள் விட்டுப்போன நிலத்தைக் கோத்துகளும் பிராங்குகளும் பேர்கண்டியரும் பங்கு போட்டிருந்த காலம். குளோவிஸின் இரண்டு மகன்மார் படையோடு போய் துரிங்கியாவை அழித்தார்கள். கொள்ளையடித்த பொருளோடு ராதகுந்தாவையும் கொண்டுவந்தார்கள். அப்போது அவள் சிறுபிள்ளை. அவள் யாருக்கு என்று அண்ணனும் தம்பியும் சண்டை பிடித்துச் சீட்டுப் போட்டார்கள். தம்பி குளோத்தாருக்கு விழுந்தது. அவன் அவளை ஒரு பண்ணை மாளிகையில் வைத்து வளர்த்து, எழுதப் படிக்கப் பழக்கி, வளர்ந்ததும் மணம் முடித்தான். அவனுக்கு வேறு மனைவிமாரும் இருந்தார்கள்.

"பிறகு அவன் அவளுடைய தம்பியைக் கொலை செய்வித்தான்" என்றாள் ஜசிந்தா. "அவளோடு மிஞ்சியிருந்த ஒரே இரத்த உறவு அந்தத் தம்பிதான்."

அதைச் சொன்ன குரல் எனக்குப் புதிது. பல் வைத்தியரிடத்தில் தொலைபேசி எடுக்கிற குரலும் தெரியும், வீட்டில் கதைக்கிற குரலும் தெரியும். இது மூன்றாவது. எட்டு மாதமாக இந்தக் குரலைக் கேட்டு வந்தவர்கள் அந்தக் கதிரைகளில் இருந்தார்கள். எனக்கு அவர்கள் எல்லோரிலும் எரிச்சல் வந்தது.

ராதகுந்தா அரசனை விட்டு வெளியேறினாள். மெதார் என்ற ஆயரிடம் போய்த் தன்னைத் துறவியாக்கச் சொல்லிக் கேட்டாள். ஆயர் பயந்தார். அரசனின் பிரபுக்கள் கோயிலுக்குள் புகுந்து, அரசனின் மனைவிக்குத் துறவி முக்காடு போடுவாயோ என்று ஆயரைப் பலிபீடத்திலிருந்து பிடித்து இழுத்தார்கள். அந்தக் குழப்பத்துக்குள் ராதகுந்தா பக்கத்து அறைக்குள் போய்த் துறவாடையைத் தானே எடுத்து உடுத்துக்கொண்டு வந்து நின்றாள். கடவுளைவிட மனிதருக்குப் பயப்படுகிறீரோ என்று ஆயரைக் கேட்டாள். ஆயருக்கு வேறு வழி இருக்கவில்லை.

"அதுவரைக்கும் அவளை எல்லோரும் கொண்டுபோனார்கள்" என்றாள் ஜசிந்தா. "இந்த இடத்துக்குத்தான் அவள் தானாகப் போனாள்."

ஜெறோமின் உதடுகள் அவள் சொல்லச் சொல்ல அசைந்தன. ஒத்திகை பார்த்திருக்கிறார்கள் என்று விளங்கியது. காருக்குள் பார்த்திருப்பார்கள்.

எல்லோரும் கைதட்டினார்கள். பேராசிரியை வந்து அவள் தோளைப் பிடித்து "மறுபடியும் வாழ்த்துகள்" என்றார். மறுபடியும் என்றால் முதலில் எதற்கு என்று நான் யோசித்துக்கொண்டு நிற்கையில் பேராசிரியை அவளைத் தனியே கூட்டிப்போய்விட்டார். ஜசிந்தா சாப்பாட்டுப் பையை என் கையில் தந்து, "நீங்களும் ஜெறோமும் கீழ போய்ச் சாப்பிடுங்கோ, நான் வாறன்" என்றாள்.

மியூசியத்தின் மேற்குப் பக்கத்தில் மரங்களுக்கு நடுவே வளைந்து போகிற ஒரு நடைபாதை இருக்கிறது. நகரத்துக்குள் இருப்பதே மறந்துபோகும். உள்ளே சாப்பாடு விலை, ஆகவே கையில் கட்டிக்கொண்டு வந்து இங்கே இருந்து சாப்பிடுங்கள். ஏப்ரலில் போனால் கையுறை கட்டாயம். நாங்கள் இருந்த வாங்கின் பலகை பனிக்கட்டி போலக் குளிர்ந்தது. மீன் கட்லெற்றும் முட்டைச் சாண்ட்விச்சும் மூன்று பேருக்கென்று தனித்தனியாகச் சுற்றியிருந்தாள். ஜெறோமுக்கு உறைப்புக் குறைந்த கட்லெற் எதுவென்று அவருக்கே தெரிந்திருந்தது.

"உங்கட புளொக் வாசிச்சிருக்கிறன் அண்ணை" என்றார்.

"எது வாசிச்சனீங்கள்?"

"ரொபர்மோரி. தண்ணி சரியான குளிர் எண்டு எழுதியிருந்தியள்."

அந்தப் பதிவு இரண்டாயிரம் சொல். இவருக்குத் தண்ணீர் குளிர்ந்தது மட்டும் மிஞ்சியிருக்கிறது. நான் கட்லெற்றைக் கடித்தேன்.

"ஜூன்ல நீங்களும் போறீங்களோ?" என்று கேட்டார்.

"எங்க?"

அவர் மெல்லுவதை நிறுத்தினார். என்னைப் பார்த்தார், மியூசியத்துப் பக்கம் பார்த்தார்.

"ஜசிந்தா சொல்லேல்லையோ?"

"என்னத்தை?"

"ஐயோ அண்ணை. நான் வாயை வைச்சிருக்கேலாத ஆள்." சாண்ட்விச்சை மடியில் வைத்தார். "பிரான்சுக்கு. புவாத்தியே எண்டு ஒரு ஊர். ராதகுந்தா மடம் கட்டின இடம், கல்லறையும் அங்கதான். வகுப்பில ஒராளுக்கு மூண்டு கிழமை அங்க போய்ப் படிக்க இடம் குடுக்கிறவை. செலவு முழுக்க அவை. இந்த வருஷம் ஜசிந்தாவுக்குக் கிடைச்சிருக்கு. போன கிழமை வகுப்பில சொன்னவை."

போன கிழமை. அந்தக் கிழமையில் நாங்கள் ஏழு இரவு ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறோம். உருளைக்கிழங்கு விலை பற்றிப் பேசியிருக்கிறோம்.

நான் ஐரோப்பாவுக்குப் போனதில்லை. ஒவ்வொரு வருடமும் போக நினைப்பேன், ஒவ்வொரு வருடமும் வீட்டுக்கோ காருக்கோ ஏதோ வந்துவிடும். பயணம் எழுதுகிறவன் என்று நாலு பேர் சொல்கிற நான், ஒன்ராறியோவுக்குள் சுற்றிச் சுற்றி எழுதுகிறேன். அவள் பிரான்சுக்குப் போகிறாள். ஒன்று கேட்க வேண்டியிருந்தது.

"நீங்களும் போறீங்களோ?"

"நானோ?" ஜெறோம் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை அது. "நானும் கேட்டனான் அண்ணை. ஒரு இடம்தானே. நாலு வருஷம் குருமடத்தில லத்தீன் படிச்சவன், எனக்குத்தான் கிடைக்கும் எண்டு இருந்தனான். மனிசிக்குக்கூடச் சொல்லிப்போட்டன். கமராவும் பார்த்து வைச்சிருந்தனான். ஜசிந்தாவுக்கு எண்டு சொன்னவுடன கைதட்டினன். கை தட்டுது, மனம் தட்டேல்லை."

"கோபமோ?"

"கோபம் இல்லை. கோபம் எண்டால் கொஞ்ச நாளில ஆறிடும். இது பொறாமை."

எட்டு மாதமாக நான் யாரை வெறுத்தேனோ அவர் என் பக்கத்தில் இருந்து எனக்குள் இருந்ததையே சொன்னார். அவர் தொடர்ந்தார்.

"நான் இண்டைக்குப் பேசினது கேட்டிருக்கமாட்டியள், நீங்கள் வர முதல் முடிஞ்சுது. ராதகுந்தாவின்ர மடம் இருந்த ஊர் ஆயர் மரோவே எண்டு ஒருத்தர். இவ கொன்ஸ்தாந்திநோபிள் சக்கரவர்த்திக்குத் தூது அனுப்பித் இயேசுவை அறைஞ்ச திருச்சிலுவையின்ர ஒரு துண்டை எடுப்பிச்சா. அந்தக் காலத்தில அது எவ்வளவு பெரிய விஷயம் எண்டு யோசியுங்கோ. கொண்டுவந்து, ஆயர்தான் முறைப்படி மடத்துக்குள்ள வைக்கவேணும் எண்டு கேட்டா. அவர் என்ன செய்தவர் தெரியுமோ? குதிரையில ஏறித் தன்ர தோட்டத்துக்குப் போட்டார். அப்ப இருந்த அரசன் சொல்லி, பக்கத்து ஊர் ஆயர் வந்துதான் மெழுகுதிரியும் பாட்டுமாக் கொண்டுபோய் வைச்சவர்."

"ஏனாம் போனவர்?"

"ஏனெண்டு எழுதி வைக்கேல்லை. ஆனால் ஒரு ஊரில ஆயர் இருக்க, எல்லாச் சனமும் ஒரு மனிசியைப் பார்க்கப் போகுது. அரசனும் அவவுக்குத்தான் எழுதுறான். வேற என்ன காரணம் வேணும்? நேற்றுப் பின்னேரம் நானும் போனைக் கையில எடுத்தனான், உடம்பு சரியில்லை, நாளைக்கு உங்களை ஏத்த வரேலாது எண்டு சொல்ல. பிறகு நான் எழுதி வைச்ச பேச்சையே ஒருக்கா வாசிச்சுப் பார்த்தன். வெக்கமாப் போச்சு."

நான் எழுந்தேன். பையைச் சுருட்டி அவர் பக்கத்தில் வைத்தேன். உண்மையாகவே போய்விட நினைத்துத்தான் எழுந்தேன்.

"எனக்கு ஒரு வேலை இருக்கு. ஜசிந்தாவை நீங்கள் கூட்டிக்கொண்டு வாங்கோ."

ஜெறோம் தலையை நிமிர்த்தி, ஒரு சிரிப்பும் இல்லாமல் கேட்டார்: "குதிரை எங்க அண்ணை நிக்குது?"

திரும்ப இருந்துவிட்டேன். மிஞ்சியிருந்த கட்லெற்றை அவர் இரண்டாகப் பிரித்தார். அது ஜசிந்தாவின் பங்கு.

அவள் நடைபாதையில் வந்தபோது எங்கள் முகங்களைப் பார்த்தவுடன் விளங்கிக்கொண்டாள்.

"சொல்லிப்போட்டியளோ?" என்று ஜெறோமைக் கேட்டாள்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"பரவாயில்லை. எனக்கு வாய் வரேல்லை, உங்களுக்கு வந்திட்டுது."

பின்னேரம் ஜெறோம் தனியாகக் காரில் போனார். அவள் என்னோடு ரயிலில் வந்தாள். திரும்பி வரும்போது ஏரி பார்க்க வலதுபக்கம் இருக்க வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். ஸ்காபரோ தாண்டும்வரை நாங்கள் வெளியேதான் பார்த்தோம்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"சொன்னால் நீங்கள் அண்டைக்கே ரிக்கற் பார்த்திருப்பியள்."

அதை மறுக்க முடியவில்லை. "வந்தால் என்ன? நீர் படிக்கிற நேரத்தில நான் ஊரைச் சுத்திப் பார்ப்பன்."

"எனக்குத் தனியப் போகவேணும்."

"என்னில ஏதும் பிழையோ?"

"இல்லை." யோசித்துத்தான் சொன்னாள். "மன்னாரில இருந்து அப்பா படகில கூட்டிக்கொண்டு போனார். இந்தியாவில மண்டபம் அகதி முகாமில கொஞ்சக் காலம். அங்க இருந்து மாமா திருச்சிக்குக் கூட்டிக்கொண்டு போனார். பிறகு கலியாணம் எண்டு இஞ்ச உங்களிட்ட அனுப்பினவை. எல்லாரும் நல்லதுக்குத்தான் கூட்டிக்கொண்டு போனவை. ஆனால் நாப்பத்தாறு வயசாகுது, ஒரு இடத்துக்கும் நானாப் போகேல்லை."

"நயாகராவுக்கு நீர்தானே கேட்டனீர்?"

"அதுக்கும் நீங்கள்தானே கார் ஓடினனீங்கள்."

ரூஜ் ஹில்லில் ரயில் நின்றது. ஏரியில் வெளிச்சம் விழுந்திருந்தது. கதவு திறந்து, குளிர் வந்து, கதவு மூடியது.

"ஜெறோமும் உம்மோட வாறாரோ எண்டு நினைச்சனான்" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அதுக்கோ இண்டைக்கு வந்தனீங்கள்?"

"ஓம்."

சிரிக்கத் தொடங்கினாள். எதிர் இருக்கைப் பெண் கைப்பேசியை விட்டுவிட்டு எங்களைப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"இப்ப ஆரில பொறாமை? அவரிலயோ, என்னிலயோ?"

"உம்மில" என்றேன். மறைத்துப் பயன் இருக்கவில்லை.

"அப்ப பரவாயில்லை" என்றாள். "அது எனக்குக் கொஞ்சம் பிடிச்சிருக்கு."

இதோடு எல்லாம் தீர்ந்துவிட்டது என்று எழுதினால் அது பொய். மே மாதம் முழுவதும் எங்கள் வீட்டில் பேச்சு அளவாகத்தான் இருந்தது. வேலையிடத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் விமானச் சீட்டு விலை பார்த்தேன், ஒரு முறை அல்ல. பாரிஸ்வரை வந்து நிற்பது தனியாகப் போவதைக் கெடுக்காது என்று எனக்கே வாதாடிக்கொண்டேன். கடைசியில் நேராகவே கேட்டேன்.

"பாரிஸ் மட்டும் வந்து நிக்கட்டோ?"

"வேண்டாம்" என்றாள். பிறகு எழும்பி வந்து என் சாப்பாட்டுக் கோப்பையில் இன்னும் கொஞ்சம் குழம்பு விட்டாள்.

ஜூன் முதற்கிழமை விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்டேன். அவள் முதலில் பிழையான வரிசையில் போய் நின்றாள். எனக்குக் கால் துடித்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவளே அறிவிப்புப் பலகையைப் பார்த்து, வெளியே வந்து, சரியான வரிசைக்குப் போனாள். பெட்டியின் சில்லு ஒன்று இழுபட்டது. திரும்பிக் கை காட்டவில்லை. எனக்கு அதில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், வந்தது. வீட்டுக்கு வரும் வழியில் அது குறைந்தது.

இனி உங்களுக்கு. அந்த மியூசியத்தின் மூன்றாம் மாடிக்குக் காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்குப் பிறகு பிள்ளைகள் கூட்டம் கூடும். டைனோசரைப் பார்த்துவிட்டு வரலாம் என்று நினைத்தால் கால் களைத்துவிடும், ஆகவே ஐரோப்பாவை முதலில் முடியுங்கள். அரசர்களுடைய முடியையோ வாளையோ எதிர்பார்த்துப் போகாதீர்கள். அந்தக் காலத்தில் இருந்து எங்களுக்கு மிஞ்சியிருப்பவை பெரும்பாலும் சட்டை கழன்று விழாமல் பிடிக்கிற சின்னச் சாமான்கள். ஒன்றின் முன்னால் நிதானமாக நில்லுங்கள். அதைக் குத்தியிருந்தவருக்கு ஒரு அரசன் இருந்தான், ஒரு ஆயர் இருந்தார், போகவேண்டிய இடத்தை அவர்கள் இருவரில் ஒருவர் தீர்மானித்திருப்பார். வார இறுதியில் ரயில் நேரம் மாறும், வீட்டை விட்டு வெளிக்கிட முதல் பாருங்கள். உங்கள் மனைவியோ கணவனோ அங்கே பேசுகிறார் என்றால் முதல் பேச்சுக்கே போய்விடுங்கள். நான் பிந்தியதால் ஜெறோமின் பேச்சைத் தவறவிட்டேன். வாங்கில் இருந்து கேட்டது சுருக்கம்தானாம். முழுவதும் கேட்க அடுத்த சனிக்கிழமை ஒஷாவாவுக்கு வரச் சொல்லியிருக்கிறார், நண்டுக் கறியோடு.

ஜசிந்தா போய் ஒன்பது நாளாகிறது. புவாத்தியே எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுதாதீர்கள், எனக்கும் தெரியாது. கல்லறை இருக்கிற நிலவறைக்குள் போனாளாம். எப்படி இருந்தது என்று கேட்டேன், "வந்து சொல்லுறன்" என்றாள். படம் ஒன்றும் அனுப்பவில்லை. நான் ஒவ்வொரு நாளும் காலையில் என் கைப்பேசியில் அந்த ஊரின் காலநிலையைப் பார்க்கிறேன். அவள் போன நாளிலிருந்து நல்ல வெயில். இன்று காலை பார்த்தபோது மழை என்று போட்டிருந்தது, நாள் முழுவதும் மழை. எனக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் வந்தது, பொய் சொல்லமாட்டேன். பல் தீட்டி முடிக்கும்வரை அது நீடித்தது. பிறகு, குடை கொண்டுபோனாளா என்று யோசனை வந்து தகவல் அனுப்பினேன்.

"குடை இருக்கோ?"

உடனே பதில் வந்தது.

"இல்லை. நனையிறன். நல்லா இருக்கு."